விரல்கள் விழிக்கும் வேளை

வைகறை வேளையில் எம் வீட்டு முன்கூடத்திலிருந்து ஓர் ஒலி எழுவது வழக்கம். ஐந்து சுரங்கள் மெதுவாக ஏறும். அவ்வைந்தும் அவ்வாறே மெதுவாக இறங்கும். மீண்டும் ஏறும், மீண்டும் இறங்கும். பின்னர் மற்றைக் கை அதனையே செய்யும். பாட்டென்று சொல்லத்தக்க எதுவும் அதில் இராது. எம்முடன் தங்கிக் கல்வி பயிலும் எம் தமக்கையாரின் மகள், பதினான்கு வயதுப் பெண், பியானோவின் முன் அமர்ந்து தன் சாதகத்தைத் தொடங்கும் முறை அது. விறாந்தையிலே சாய்மனைக் கதிரையில் இருந்தபடி மாணவரின் விடைத்தாள்களைத் திருத்தும் எமக்கு, உண்மையைச் சொல்வதாயின், அவ்வொலி நெடுநாளாகத் தொல்லையாகவே இருந்து வந்தது.

பரீட்சைக்கு மூன்று மாதங்கள் இருந்தபோது ஒருநாட் காலை நாம் பொறுமை இழந்தோம்.

"பிள்ளை, உந்த ஏறி இறங்கிற விளையாட்டை விட்டிட்டு நேரே பாட்டை வாசியன். நேரம் போகுதெல்லே?" என்றோம்.

"விரல் இன்னும் முழிக்கேல்லை, மாமா" என்றாள் அவள்.

"விரலுக்கும் நித்திரையோ?" என்று கேட்டு நகைத்தோம்.

அவள் பெரியோர் சொல்லைத் தட்டாதவள். மறுநாள் தொடக்கம் படுக்கையை விட்டு எழுந்த கையோடு பரீட்சைக்குரிய பாடலையே எடுத்தாள். அதிலும் மிக விரைவாக வாசிக்க வேண்டிய பகுதியை முதலில் எடுத்தாள். ஒரு மணி நேரம் இடைவிடாது வாசித்தாள். நாளொன்றுக்குக் கால் மணி நேரத்தை மீதப்படுத்திக் கொடுத்தோம் என்று நாம் உள்ளூர மகிழ்ந்தோம்.

ஏழெட்டுக் கிழமைகள் சென்றபின், இராச் சாப்பாட்டின்போது அவள் இடக்கையிற் கரண்டி பிடித்து உண்பதை எம் மனைவியார் கண்டார். சோறு பிசைய வலக்கை இடங்கொடுக்கவில்லை. மணிக்கட்டிலே தொடங்கிய நோவு முன்கை முழுவதும் பரவியிருந்தது. எவரிடமும் சொல்லாது பத்து நாட்களாக மறைத்திருக்கின்றாள். வைத்தியர் பார்த்துத் தசைநாண்களில் அழற்சி என்றார். நான்கு கிழமைகளுக்குப் பியானோவைத் தொடலாகாது என்றார். அவ்வாண்டுப் பரீட்சை கைநழுவிற்று. "காலையில் எதை வாசித்துத் தொடங்குகிறீர்?" என்று வைத்தியர் வினவியபோது பிள்ளை நிலத்தைப் பார்த்தாள், எம்மைக் காட்டிக் கொடுக்கவில்லை. நாமே சொன்னோம்.

பாடலின் கடினம், ஓய்வின்மை, ஆயத்தமின்மை ஆகிய மூன்றும் ஒருங்கு சேர்ந்து செய்த தீங்கு அதுவென அவர் விளக்கினார். அம்மூன்றில் ஒன்று எமது கைங்கரியம்.

அந்நான்கு கிழமையும் எம் வீடு அமைதியாக இருந்தது. நாம் விரும்பிய அமைதிதான். ஆயினும் ஒரு விடைத்தாளேனும் விரைவாகத் திருந்தவில்லை. பியானோ வாசிக்க அறியாத நாம், அந்த ஐந்து சுரங்களின் பொருளென்ன என்று அக்காலத்திலேதான் தேடிப் படிக்கத் தொடங்கினோம். படித்தறிந்தவற்றையும் கேட்டறிந்தவற்றையும் இவ்வாரம் வாசகர் முன் வைக்கின்றோம்.

கையின் உள்ளே

பியானோவிலே 88 கட்டைகள் உண்டு. அவற்றுள் 52 வெள்ளை, 36 கறுப்பு. ஒவ்வொரு கட்டையும் ஒரு நெம்புகோல். அதனை விரல் அழுத்தும்போது, உள்ளே கம்பளி போர்த்த சிறு சுத்தியல் ஒன்று எழுந்து கம்பியைத் தட்டிவிட்டு உடனே விலகிக்கொள்ளும். 1700ஆம் ஆண்டளவிலே இத்தாலியின் புளோரன்சு நகரில் மெடிச்சி குலத்தாரின் பணியிலிருந்த பார்த்தொலொமேயோ கிறிஸ்தோபோரி என்பவர் இப்பொறியை அமைத்தார். மெல்லவும் உரக்கவும் ஒலிக்கவல்லது என்னும் பொருள்படும் நீண்ட பெயரே நாளடைவிற் குறுகிப் பியானோ என்றாயிற்று. கட்டை எவ்வளவு விரைவாகக் கீழே செல்கின்றதோ அவ்வளவுக்குச் சுத்தியல் வலிமையாக எழும், ஒலியும் பெருகும். ஆகவே மெல்லிய ஒலி வேண்டின் விரல் மெல்லென இறங்க வேண்டும். அடங்கிய விரலே அதனைச் செய்ய வல்லது.

அவ்விரலை ஆட்டிவைப்பது எது? விரலில் இல்லை. விரல்களை மடக்கி நிமிர்த்தும் பெருந்தசைகள் முன்கையிலே, முழங்கைக்கு அண்மையில், தொடங்குகின்றன. அவை நீண்ட நாண்களாக ஒடுங்கி, மணிக்கட்டின் நெருக்கமான வழியூடாகச் சென்று விரலெலும்புகளைப் பற்றுகின்றன. உள்ளங்கையிலே சிறு தசைகள் சில உள. விரல்களிலோ தசையென்று கொள்ளத்தக்கது இல்லை. பொம்மலாட்டத்திலே திரைக்கு மேலிருப்பவன் கயிற்றை இழுக்க, கீழே பொம்மை கையசைப்பது போன்றதே இது. ஐயுறுவோர் இடக்கையால் வலமுன்கையைப் பற்றியபடி வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்பாராக. தோலின் கீழே கயிறுகள் ஓடுவதை உணர்வார்.

இன்னுமொரு சோதனையுண்டு. நடுவிரலை உள்ளே மடக்கிக்கொண்டு ஏனைய விரல்களின் நுனி மேசையைத் தொடுமாறு கையை வையுங்கள். பெருவிரல் எழும், சுட்டுவிரல் எழும், சிறுவிரலும் எழும். மோதிரவிரலோ எழாது. அதனை நிமிர்த்தும் நாண் அயல் விரல்களின் நாண்களோடு இழைகளாற் பிணைக்கப்பட்டிருப்பதே காரணம். அவ்விரலை வைது பயனில்லை. அதன் அமைப்பு அப்படி.

உறக்கத்தினின்றோ நெடுநேர இருப்பினின்றோ எழுந்தவனின் தசைகளுக்குக் குருதி குறைந்த அளவிலேயே செல்கின்றது. குளிர்ந்த தசை மெதுவாகச் சுருங்கும். குளிர்ந்த நரம்பு செய்தியை மெதுவாகக் கடத்தும். மூட்டுகளினுள்ளே எண்ணெய்போல் உதவும் நீர் குளிரில் தடிப்புற்றிருக்கும். சிறிது நேரம் இலேசாக இயங்கியபின் இவை யாவும் மாறுகின்றன. குருதி பெருகித் தசை வெதும்புகின்றது, அசைவு இலகுவாகின்றது. நுவரெலியாவிலும் அற்றனிலும் வாழும் பிள்ளைகளுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மார்கழிக் காலையில் அவர்தம் விரல்களே விளக்கும்.

"வெயில் எரிக்கும் எங்கள் ஊரில் இது எதற்கு?" என்று ஒருவர் வினவலாம். பங்குனி வெயிலிலும் வேகப் பந்து வீச்சாளன் நேரே வந்து முதற் பந்தை முழு வேகத்தில் எறிவதில்லை. ஓடுகின்றான், தோளைச் சுழற்றுகின்றான், சில பந்துகளை மெதுவாக எறிந்து பார்க்கின்றான். புறத்தே காயும் வெயில் வேறு. உழைப்பினால் அகத்தே எழும் வெம்மை வேறு. அன்றியும் ஆயத்தமாவது தசை மட்டுமன்று. கண் ஏட்டிலும், காது ஒலியிலும், கை கட்டையிலும் ஒருமுகப்படச் சிறிது காலம் வேண்டும். எம் மருமகள் விரல் விழிக்கவில்லை என்று சொன்னது நாம் நினைத்ததுபோற் குழந்தைப் பேச்சன்று.

அப்பியாச நூல்கள்

பியானோ பயில்வோர் அனைவரும் இரு பெயர்களை அறிவர். ஒருவர் வியன்னாவிற் பிறந்த கார்ல் செர்னி (1791–1857). பேத்தோவனின் மாணவராகவும் பிரான்சு லிஸ்ட்டின் ஆசிரியராகவும் விளங்கியவர்; எண்ணிறந்த பயிற்சிகளை எழுதியவர். மற்றவர் பிரான்சு தேசத்துச் சார்ல்ஸ் லூயி ஆனோன் (1819–1900). அவர் 1873இல் வெளியிட்ட அறுபது அப்பியாசங்கள் கொண்ட நூல் இன்றும் உலகெங்கும் பியானோவின் மேல் கிடக்கக் காணலாம்.

ஆனோனின் நூல் எளிய அமைப்புடையது. சிறிய சுரக்கோவை ஒன்று. அதனை ஒவ்வொரு கட்டையாக மேலேற்றிக்கொண்டு போவது. பின் இறக்கிக்கொண்டு வருவது. ஐந்து விரல்களுக்கும் சம வேலை. முதற் பயிற்சிகளை மெட்ரோனோம் என்னும் தாளக்கருவியில் நிமிடத்திற்கு 60 தட்டுகளில் தொடங்கிப் படிப்படியாக 108க்கு உயர்த்துமாறு நூல் கூறுகின்றது.

இவ்விடத்திலேதான் பலர் வழுக்கி விழுகின்றனர். 60 என்பதைக் கண் பார்ப்பதில்லை; 108 என்பதே கண்ணிற் படுகின்றது. ஆயத்தத்திற்காக அமைந்தது பந்தயமாகி விடுகின்றது. விரல்களை உயரத் தூக்கி அடிக்குமாறு அந்நூல் சொல்வதை அப்படியே பின்பற்றினால் முன்கை இறுகும் என்று பிற்கால ஆசிரியர் பலர் மறுத்துரைத்ததும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. நூலை ஒதுக்க வேண்டுமென்பதன்று எம் கருத்து. கை இறுகுகின்றதா என்று கேட்டுக் கேட்டு வாசிப்பவனுக்கு ஆனோனும் நல்லவர்; கணக்குத் தீர்ப்பவனுக்கு எந்த நூலும் தீங்கே.

மனத்தை வேறெங்கோ வைத்துவிட்டு விரலை மட்டும் ஓடவிடுவது இன்னொரு பிழை. 19ஆம் நூற்றாண்டிலே, அப்பியாசம் செய்யும்போது அலுப்புத் தீரப் புத்தகம் வாசிக்கலாம் என்று போதித்தோரும் இருந்தனர். இன்று புத்தகம் நின்ற இடத்தில் கைப்பேசி நிற்கின்றது. ஏற்ற இறக்கம் ஓடிக்கொண்டிருக்கும். கண் திரையில் இருக்கும். அவ்வாறு அரைமணி நேரம் ஓட்டியவனின் விரல் வெதும்பியிருக்கலாம். அவன் காது இன்னும் உறங்குகின்றது.

இழந்த விரல்கள்

கையின் வரம்பை மீறியோர் கொடுத்த விலையைச் சங்கீத வரலாறு குறித்து வைத்திருக்கின்றது.

1810இல் ஜேர்மனியின் சுவிக்காவு நகரிற் பிறந்த ரொபேட் சூமன் சட்டக் கல்வியைக் கைவிட்டு, லைப்சிக் நகரிலே பிரெடரிக் வீக் என்னும் ஆசிரியரிடம் பியானோ பயிலச் சேர்ந்தார். பெரும் வித்துவானாக வேண்டுமென்பது அவர் வேட்கை. வலக்கை விரல் ஒன்று சொற்கேளாதிருப்பதை உணர்ந்து, அதனை வலுப்படுத்த ஒரு பொறியைப் பயன்படுத்தினார். 1832ஆம் ஆண்டளவில் அவ்வலக்கை நடுவிரல் பயனற்றுப் போயிற்று. அப்பொறிதான் காரணமோ, வேறு நோயோ என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். எவ்வாறாயினும் வித்துவானாகும் கனவு அத்தோடு முடிந்தது. அவர் இசை ஆக்குபவரானார். ஆசிரியரின் மகளும் பெரும் பியானோக் கலைஞருமான கிளாராவை 1840இல் மணந்தார். தாம் வாசிக்க இயலாத தம் பாடல்களை அவர் வாசிக்கக் கேட்டார். அவ்விழப்பு உலகுக்கு ஆதாயமாயிற்று என்று ஆறுதல் கூறுவோர் உளர். இருபத்திரண்டு வயதிலே விரலிழந்த அவ்விளைஞரிடம் அதனைச் சொல்ல எமக்கு நா எழாது.

நம் காலத்திற்கு அண்மையில் அமெரிக்கராகிய லியோன் பிளைசர் (1928–2020). 1952இல் பெல்ஜியத்து எலிசபெத் அரசியின் பெயரால் நடைபெறும் பெரும் போட்டியில் முதலிடம் பெற்றவர். 1964இல், முப்பத்தாறாம் வயதில், அவருடைய வலக்கையின் மோதிரவிரலும் சிறுவிரலும் தாமே உள்மடிந்து நின்றுவிட்டன. நெடுங்காலத்தின் பின்னரே அது மூளைக்கும் தசைக்கும் இடையே நேரும் ஒரு கோளாறு எனக் கண்டனர். முப்பதாண்டுகளாக அவர் இடக்கைக்கென எழுதப்பட்ட இசையை வாசித்தார், கற்பித்தார், இசைக்குழுக்களை நடத்தினார். 1990களில் சிகிச்சையால் வலக்கை ஓரளவு மீண்டது. வரம்பு மீறிய சாதகத்தையே அவர் தம் துன்பத்திற்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கருதினார்.

ஆயத்தம் செய்யாமையாலே இந்நோய்கள் வந்தன என்று நாம் கூற வரவில்லை. அவ்வாறு கூறுவது பொய்யாகும். கை என்பது வரம்புடைய பொருள். ஆசை அவ்வரம்பை அறியாது. இரண்டுக்கும் இடையே தினமும் ஒரு சிறு பேச்சு நடைபெற வேண்டும் என்பதே எம் கருத்து. சாதகத்தின் முதற் கால் மணி நேரம் அப்பேச்சுக்கு உரியது. இன்று கை எப்படி இருக்கின்றது, எங்கே இறுகுகின்றது, எதற்கு இடங்கொடுக்கும் என்பதை வாசிப்பவர் அறிவது அவ்வேளையிலேதான்.

தந்தையும் ஆசானும்

இனி மகிழ்ச்சிக்குரிய செய்திகளைச் சொல்வோம்.

1720இல் யோகான் செபாஸ்தியன் பாக் ஓர் ஏட்டைத் திறந்தார். ஒன்பது வயது நிரம்பிய மூத்த மகன் வில்கெல்ம் பிரீடமானுக்குப் பயிற்சி நூலாக அதனை எழுதத் தொடங்கினார். சுரக்குறிகளின் பெயரும் அணிகளின் விளக்கமும் முதலில் வந்தன. அடுத்து, எந்தச் சுரத்திற்கு எந்த விரல் என்று எண் குறித்த ஒரு சிறு உருப்படி வந்தது. பின்னர் வந்தவற்றுள் 'பிரிலூட்' எனப்படும் முன்னிசைகள் பல. அவற்றுட் சில, 1722ஆம் ஆண்டைத் தாங்கிய அவருடைய புகழ்பெற்ற இருபத்துநான்கு முன்னிசைத் தொகுதியிலே விரிந்து இடம்பெற்றன.

முன்னிசை என்ற வடிவம் பிறந்த வகையும் சிந்திக்கத்தக்கது. பழைய ஐரோப்பாவிலே வீணை போன்ற தந்திக் கருவி வாசிப்போர், பாட்டைத் தொடங்குமுன் சுருதி சரியா என்று பார்க்கவும் விரலை இளக்கவும் மனம்போன போக்கிற் சிறிது வாசித்தனர். அவ்வெள்ளோட்டமே நாளடைவில் ஓர் இசை வடிவாயிற்று. பாக் என்னும் தந்தை தம் மகனின் விரல்களை இளக்கக் கொடுத்தது இசையையே. ஆயத்தம் முடிந்தபின் இசை என்ற பாகுபாடு அவ்வேட்டில் இல்லை.

போலந்திற் பிறந்து பாரிசில் வாழ்ந்த பிரெடரிக் சோப்பின் (1810–1849) வேறொரு வழியில் அதே இடத்திற்கு வந்தார். எல்லாரும் வெள்ளைக் கட்டைகள் மட்டும் கொண்ட 'சீ மேஜர்' வரிசையில் பிள்ளைகளைத் தொடக்கிவைப்பர். ஏட்டில் வாசிக்க அது எளிது. கைக்கோ அது மிகக் கடினம் என்றார் சோப்பின். பெருவிரலும் சிறுவிரலும் குட்டை. நடுவிலுள்ள மூன்றும் நெடியவை. நெடிய விரல்கள் உயர்ந்து நிற்கும் கறுப்புக் கட்டைகளிலும் குட்டை விரல்கள் வெள்ளைக் கட்டைகளிலும் அமருமாறு, ஈ, எப் ஷார்ப், ஜீ ஷார்ப், ஏ ஷார்ப், பீ என்ற ஐந்தின்மேல் மாணவரின் கையை வைத்தார். கை அங்கே தானாகவே வளைந்து அமரும். ஐயமுள்ளோர் பியானோவில் வைத்துப் பார்க்கலாம். நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்திற்கு மேல் பயில வேண்டாம் என்று மாணவரைத் தடுத்தவரும் அவரே. தம் கச்சேரிக்கு முன்னரோ, தம் பாடல்களை விடுத்து பாக்கின் இசையையே வாசித்து ஆயத்தமானார்.

நம் கர்நாடக சங்கீதத்தை அறிந்தோருக்கு இது புதிதன்று. புரந்தரதாசர் (1484–1564) வகுத்ததென்று மரபு கூறும் சரளி வரிசை மாயாமாளவகௌளையிலே தொடங்குகின்றது. அவ்விராகத்தின் முற்பாதியும் பிற்பாதியும் ஒத்த இடைவெளிகளைக் கொண்டவை. கற்பவனின் காதுக்கு அது துணை. முதற்காலம் அமைந்தபின்னரே இரண்டாங்காலம். அதன் பின்னரே மூன்றாங்காலம். அங்கே காதையும் இங்கே கையையும் அறிந்தவர்கள் தொடக்கத்தை அமைத்தார்கள். பரீட்சைக் கால அட்டவணையை அறிந்தவர்கள் அமைக்கவில்லை.

செய்யும் முறை

பயிலும் மாணவர்க்கு உதவும் பொருட்டு, ஆசிரியர் சிலரைக் கேட்டறிந்த ஒழுங்கைத் தருகின்றோம். பத்து முதற் பதினைந்து நிமிடங்கள் இதற்குப் போதும்.

முதலாவது, பியானோவைத் தொடுமுன் உடலைக் கவனிக்க. கை குளிர்ந்திருப்பின் இளஞ்சூடான நீரிலே சிறிது நேரம் வைத்துத் துடைக்க. கனடா தேசத்து மாபெரும் கலைஞர் கிளென் கூல்ட் (1932–1982) வாசிக்குமுன் கைகளை வெந்நீரில் ஊறவைப்பது அனைவரும் அறிந்த வழக்கம். தோள்களை மெல்லச் சுழற்றுக. கைகளைத் தொங்கவிட்டு உதறுக. விரல்களைப் பிடித்துப் பின்னே வளைத்துச் சொடுக்குவது வேண்டாம். குளிர்ந்த நாணை இழுத்தல் நன்றன்று.

இரண்டாவது, இருக்கை. முழங்கை கட்டைகளின் மட்டத்தில் நிற்குமாறு வாங்கின் உயரம் அமைக. வளரும் பிள்ளைக்குச் சென்ற ஆண்டின் உயரம் இவ்வாண்டு பொருந்தாது.

மூன்றாவது, ஐந்து விரல், ஐந்து சுரம். ஒரு கை, பின் மறு கை, பின் இரண்டும். மிக மெதுவாக, மிக மென்மையாக வாசிக்க. ஒவ்வொரு சுரமும் ஒரே அளவில் ஒலிக்கின்றதா என்று காது கேட்க வேண்டும். மோதிரவிரலின் ஒலி தேய்ந்தால் அதனை அடித்து வலுப்படுத்த முயலாது, கையின் பாரத்தைச் சற்று அதன் பக்கம் சாய்த்துக் கொடுக்க.

நான்காவது, சுர வரிசைகள். இரு பெருவிரல்களும் நடு 'சீ' கட்டையிலே தொடங்கி, வலக்கை வலப்புறமும் இடக்கை இடப்புறமும் செல்லும் வரிசை தொடக்கத்திற்கு மிக நல்லது. இரு கையிலும் ஒரே விரல்கள் ஒரே வேளையில் விழுவதால் மூளைக்குச் சுமை குறைவு. பின்னர் அன்று வாசிக்கப்போகும் பாடல் எந்தச் சுருதி வரிசையில் அமைந்ததோ அவ்வரிசையை வாசிக்க. ஆயத்தம் பாடலோடு உறவுகொள்வது அப்போதுதான்.

ஐந்தாவது, நன்கு தெரிந்த பழைய பாடலொன்றைப் பாதி வேகத்தில் முழுமையாக வாசிக்க. அதன் பின்னரே புதியதும் கடினமானதும். இருபத்தைந்து முப்பது நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்து நடக்க. நோவு தோன்றினால் அக்கணமே நிறுத்துக. நோவைப் பொறுத்து வாசிப்பது வீரமன்று.

வீட்டிலே பியானோ இன்றி மின் வாத்தியம் வைத்துப் பயிலும் பிள்ளைகள் இந்நாளிற் பலர். அவற்றுட் பலவற்றின் கட்டைகள் பியானோவின் கட்டைகளிலும் இலேசானவை. அத்தகைய பிள்ளை ஆசிரியர் வீட்டிலோ பரீட்சை மண்டபத்திலோ பாரமான கட்டைகளைச் சந்திக்கும்போது கை விரைவிற் களைக்கும். பரீட்சைக்கு முன்னர் சில நாட்களேனும் உண்மையான பியானோவிலே விரலைப் பழக்கிக்கொள்வது நன்று.

பெற்றோர்க்கு ஒரு சொல்

இலண்டனிலுள்ள சங்கீதப் பரீட்சைச் சபைகளின் தரப் பரீட்சைகளுக்கு நம் தீவிலே ஆண்டுதோறும் பிள்ளைகள் தோற்றுகின்றனர். தரங்கள் எட்டு. ஐந்தாந் தரத்தில் எத்தனை புள்ளி, எந்த வயதில் எட்டாந் தரம் என்று நாம் ஒருவரையொருவர் வினவுகின்றோம். பிரத்தியேக வகுப்பினின்று ஓடி வந்து, தேநீரைக் குடித்தும் குடியாமலும், பியானோவின் முன் அமரும் பிள்ளைக்கு அரைமணி நேரமே உண்டு. அதிலே கால் மணி நேரத்தை ஐந்து சுரங்களுக்குக் கொடுப்பதா என்ற கேள்வி நம் வாயில் இயல்பாகவே வருகின்றது. எம் வாயிலும் வந்தது.

கொடுக்கலாம் என்பதே இன்று எம் விடை. எஞ்சிய கால் மணி நேரம் விழித்த கையால் வாசிக்கப்படும். உறங்கும் கையால் அரைமணி நேரம் வாசிப்பதினும் அது பெரிது. அதற்கும் நேரமில்லையெனின், அன்று ஆயத்தத்தை மட்டும் வாசித்து எழுந்திருக்கட்டும், குறைவொன்றுமில்லை. பதறிய காரியம் சிதறும் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தது காரியத்தைப் பற்றியது. எம் வீட்டிலே சிதறவிருந்தது ஒரு பிள்ளையின் கை.

இன்னொன்று. பிள்ளை நோவை ஏன் பத்து நாட்கள் மறைத்தாள்? நோவென்று சொன்னால் நேரம் போகிறதென்று மாமா சொல்லுவார் என்று அஞ்சியதாகப் பின்னர் எம் மனைவியாரிடம் சொல்லியிருக்கின்றாள். வைத்தியர் எழுதித் தந்த மருந்து எதிலும் இதற்குப் பரிகாரம் இல்லை. பெரியவர்கள் தாமாகவே செய்துகொள்ள வேண்டிய பரிகாரம் அது.

உலகப் புகழ்பெற்ற செல்லோ வாத்தியக் கலைஞர் பாப்லோ கசல்ஸ் (1876–1973) எண்பது ஆண்டுகளாகத் தம் ஒவ்வொரு நாளையும் பியானோவின் முன் அமர்ந்து பாக்கின் இசையில் இரண்டு முன்னிசைகளையும் அவற்றோடு வரும் உருப்படிகளையும் வாசித்தே தொடங்கியதாகத் தம் நினைவுரையிற் கூறியுள்ளார். தொண்ணூறு வயதைக் கடந்தவருக்குப் பரீட்சை ஏது? நம் வீடுகளிற் காலையில் விளக்கேற்றுவதை எவரும் நேர விரயம் என்று கொள்வதில்லை. அந்த முதியவருக்கு அவ்விசை அத்தகையதாக இருந்தது.

எம் மருமகள் ஐந்தாம் கிழமை மீண்டும் பியானோவின் முன் அமர்ந்தாள். முதல் வாரம் வைத்தியர் சொற்படி நாளுக்குப் பத்து நிமிடம். அதுவும் ஐந்து சுரங்கள் மட்டும். பரீட்சை அடுத்த ஆண்டு வரட்டும் என்று விட்டுவிட்டோம். விடைத்தாள்களை இப்போது நாம் இரவிலே திருத்துகின்றோம். காலையில் சாய்மனைக் கதிரையிற் சும்மா இருந்து அந்த ஏற்ற இறக்கத்தைக் கேட்கின்றோம். பழகிய காதுக்கு இப்போது வேறுபாடு தெரிகின்றது. முதலாம் முறை ஏறும்போது மோதிரவிரல் சற்றே பின்தங்கும். ஆறாம் ஏழாம் முறையில் ஐந்தும் ஒன்றாகி, நூலிற் கோத்த மணிபோல ஓடும்.

"விரல் முழிச்சிட்டுதோ, பிள்ளை?" என்று நேற்றும் விறாந்தையிலிருந்து கேட்டோம்.

"இன்னும் கொஞ்சம், மாமா" என்றாள்.

காத்திருந்தோம்.